பச்சிளங்குழந்தைகளின் மரபுநோய்ப் பரிசோதனையில் கிளினிக்கல் சயின்டிஸ்ட் ஆவதற்கு எனக்கு வழி உண்டா?

கார்த்திகைப்பூ கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் மனித மரபியலில் முதுகலை முடித்து, அங்கேயே ஒரு தனியார் ஆய்வகத்தின் குரோமோசோம் பிரிவில் மூன்றரை ஆண்டுகள் வேலை பார்த்தேன். கணவரின் வேலை காரணமாக இரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் லெஸ்டருக்குக் குடிவந்தோம். மகளுக்கு ஒரு வயது நிறைந்துவிட்டது. இனி வேலைக்குத் திரும்ப வேண்டும்.

என் மகள் பிறந்த ஐந்தாம் நாள் மிட்வைஃப் வீட்டுக்கு வந்தார். அவளது குதிகாலில் குத்தி, தடித்த அட்டை ஒன்றிலிருந்த நான்கு வட்டங்களையும் சொட்டுச் சொட்டாக நிரப்பி எடுத்துச் சென்றார். சில வாரங்களில் எந்த நோய்க்கும் அறிகுறி இல்லை என்று கடிதம் வந்தது. திருநெல்வேலியில் இருக்கும் என் அண்ணன் மகனுக்குப் பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைவு என்பது பதினான்காம் மாதத்தில்தான் தெரிந்தது. ஒன்பது வயதாகும் அவன் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். பிறந்த வாரத்திலேயே யாரேனும் இரண்டு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால், நாளுக்கு ஒரு சிறு மாத்திரையோடு முடிந்திருக்கக்கூடியது அது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்திருந்தபோது எனக்கு அவன் முகமே நினைவில் இருந்தது.

என் ஐயங்கள் இவை. வேலை அறிவிப்புகளில் கிளினிக்கல் சயின்டிஸ்ட், பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் என்று இரண்டு பெயர்களைக் காண்கிறேன். இவை எந்த வகையில் வேறுபடுகின்றன? மரபுநோய்ப் பரிசோதனை என்பதால் நான் மரபணுவியல் பிரிவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டுமா? சென்னை அனுபவத்துக்கு இங்கே மதிப்பு உண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நாற்காலியில் அமர்பவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதை உள்ளே இருப்பவர்கள் சொன்னால் நன்றியோடு கேட்டுக்கொள்வேன்.

வடபுலத்தான் எழுதிய மறுமொழி:

அன்புத் தங்கைக்கு வணக்கம். வட இங்கிலாந்தில் ஒரு பச்சிளங்குழந்தைப் பரிசோதனை ஆய்வகத்தில் பதினான்கு ஆண்டுகளாகக் கிளினிக்கல் சயின்டிஸ்டாக இருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிந்தால் மற்றவற்றுக்கு விடை பாதி கிடைத்துவிடும்.

முதலில் ஒரு திருத்தம். நாங்கள் தேடும் நோய்கள் பெரும்பாலும் மரபுவழி வருபவைதான். ஆனால் முதற்கட்டத்தில் நாங்கள் மரபணுவைப் பார்ப்பதில்லை. அந்த மரபணு வேலை செய்யாததால் இரத்தத்தில் எது தேங்குகிறது, எது குறைகிறது என்பதைத்தான் அளக்கிறோம். காய்ந்த இரத்தப் புள்ளியிலிருந்து மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட விட்டமுள்ள வட்டத்தைத் துளைத்தெடுத்து, கரைப்பானில் ஊறவைத்து, மூலக்கூறுகளை நிறையால் இனங்காணும் டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் செலுத்தினால், இரண்டு நிமிட அளவில் அமினோ அமிலங்களும், கொழுப்பு முதலியவற்றின் சிதைவைக் காட்டும் அசைல்கார்னிட்டின்களும் எண்களாக வந்துவிடும். ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் உயர்ந்திருந்தால், அதை உடல் சிதைக்க இயலாத பி.கே.யூ. என்ற நோயை ஐயுறுகிறோம். எட்டுக் கார்பன் கொண்ட கார்னிட்டின் உயர்ந்திருந்தால், பட்டினியைத் தாங்க இயலாத எம்.சி.ஏ.டி.டி. குறைபாட்டை ஐயுறுகிறோம். தைராய்டுக்கும், நுரையீரலையும் கணையத்தையும் தாக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கும் முதற்கட்டச் சோதனை, எதிர்ப்பொருள்களைக் கொண்டு அளக்கும் நோயெதிர்ப்பு முறையில் நடக்கிறது. சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் சிக்கிள் செல் நோய்க்கு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கிறோம். ஆகவே இந்த ஆய்வகங்களின் முதுகெலும்பு உயிர்வேதியியல். மரபணுச் சோதனை பெரும்பாலும் இரண்டாம் கட்டத்தில்தான் வருகிறது.

இனி அந்த நாற்காலியைப் பற்றி. எண்களை எந்திரம் தருகிறது. மாதிரியை ஏற்பது, எந்திரத்தை ஓட்டுவது, தரக்கட்டுப்பாடு ஆகியவற்றைப் பெருமளவு பயோமெடிக்கல் சயின்டிஸ்டுகள் பொறுப்பேற்றுச் செய்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் ஒரு நாள்கூட நகராது. அந்த எண் அந்தக் குழந்தைக்கு என்ன பொருள் தருகிறது என்று முடிவு செய்வதும், சிறப்பு மருத்துவரிடம் அதற்குப் பொறுப்பேற்பதும், வரம்பு எங்கே இருக்க வேண்டும் என்று ஆராய்வதும் கிளினிக்கல் சயின்டிஸ்டின் பணி. இரண்டு பெயர்களும் சட்டப் பாதுகாப்பு உடையவை. நலத்துறைத் தொழில்களைச் சட்டப்படி ஒழுங்குபடுத்தும் எச்.சி.பி.சி. என்ற அமைப்பின் பதிவேட்டில் இல்லாத ஒருவர் இவற்றைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ளக் கூடாது.

ஒரு நிகழ்வைச் சொன்னால் விளங்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் குழந்தையின் அட்டையில் ஐந்து கார்பன் கொண்ட கார்னிட்டின் மிக உயர்ந்து வந்தது. அது ஐசோவேலரிக் அசிடீமியா என்ற கொடிய நோயின் அறிகுறி. மணிக்கணக்கில் நிலைமை மோசமாகக்கூடும். அன்றே சிறப்பு மையத்துக்குத் தெரிவித்தோம். குழந்தையோ நன்றாகப் பாலருந்தி உறங்கிக்கொண்டிருந்தது. தாயை விசாரித்தபோது, பேறுகாலத்தின் கடைசி வாரத்தில் சிறுநீர்த் தொற்றுக்காக பிவ்மெசில்லினம் என்ற மருந்தை எடுத்துக்கொண்டது தெரியவந்தது. அந்த மருந்திலிருந்து உடலில் உண்டாகும் பிவலாயில்கார்னிட்டினுக்கும் நோயில் தேங்கும் ஐசோவேலரில்கார்னிட்டினுக்கும் நிறை ஒன்றே. நிறையை மட்டும் பார்க்கும் எந்திரத்தால் இரண்டையும் வேறு பிரித்தறிய முடியாது. இரண்டையும் முதலில் பிரித்துவிட்டு அளக்கும் இரண்டாம் கட்டச் சோதனை இதற்காகவே பிறகு ஏற்படுத்தப்பட்டது. அந்தப் பெற்றோர் ஓர் இரவு முழுவதும் பட்ட வேதனையை என்னால் மறக்க முடியவில்லை. அந்த இரவு இன்னொரு வீட்டுக்கு நேராமல் தடுக்கும் சோதனையை வடிவமைப்பதும், அதே வேளையில் உண்மையான நோயாளி ஒருவர்கூட நழுவாமல் பார்ப்பதும்தான் இந்த வேலை.

நம் மக்கள் என்ற முறையில் உங்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கு கணையத்திலிருந்து வரும் டிரிப்சினோஜன் என்ற பொருள் இரத்தத்தில் உயர்ந்திருந்தால் மட்டுமே சில குறிப்பிட்ட மரபணு மாற்றங்களைத் தேடுகிறோம். அந்தப் பட்டியல் ஐரோப்பிய வழியினரிடம் மிகுதியாகக் காணப்படும் மாற்றங்களைக் கொண்டு உருவானது. தெற்காசியக் குழந்தைகளிடம் எஃப்508டெல் என்ற மாற்றத்தின் பங்கு குறைவு என்பதால், பட்டியலில் எதுவும் இல்லை என்ற முடிவு அவர்களுக்கு அதே அளவு உறுதியைத் தருவதில்லை. டிரிப்சினோஜன் மிகமிக உயர்ந்திருந்தால், மாற்றம் எதுவும் கிடைக்காதபோதும் மூன்றாம் வாரத்துக்குப் பின் மறுமுறை இரத்தம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். எம்.சி.ஏ.டி.டி.யிலும் ஐரோப்பியரிடம் அடிக்கடி வரும் ஒற்றை மாற்றம் நம்மவரிடம் அரிது. லெஸ்டர், பர்மிங்காம் போன்ற நகரங்களில் பிறக்கும் குழந்தைகளின் அட்டைகளை வாசிப்பவர் இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். உங்கள் மரபியல் படிப்பு பயன்படும் என்று நான் நினைப்பது இந்த இடத்தில்தான்.

இத்தொழிலின் வேர் இந்த நாட்டிலேயே இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில், பி.கே.யூ. உள்ள ஒரு சிறுமியின் தாய் நாள்தோறும் ஆய்வக வாசலில் வந்து நின்று, என் பிள்ளைக்கு ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மருத்துவர்கள் ஹார்ஸ்ட் பிக்கலும் ஜான் ஜெரார்டும், மருத்துவமனையின் உயிர்வேதியியலாளர் ஈவ்லின் ஹிக்மன்ஸும் சேர்ந்து பால் புரதத்தைச் சிதைத்து, கரியின் வழியே செலுத்தி, ஃபீனைல்அலனின் நீக்கிய உணவைக் குளிர்ந்த அறையில் தயாரித்துக் கொடுத்தார்கள். சிகிச்சை உண்டு என்று அங்கே தெரிந்த பிறகுதான், எல்லாக் குழந்தைகளையும் பிறந்தவுடன் சோதிப்பதற்குப் பொருள் வந்தது. அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி 1960களின் தொடக்கத்தில் வடிகட்டித்தாள் இரத்தப் புள்ளி முறையைக் கொண்டுவந்தார். பிரித்தானியாவில் 1969இல் பி.கே.யூ. சோதனையும் 1981இல் தைராய்டு சோதனையும் நாடு தழுவித் தொடங்கின. இங்கிலாந்தில் 2015இல் நோய்களின் எண்ணிக்கை ஒன்பதானது. அண்மையில் டைரோசினீமியா முதல் வகை என்ற நோயும் சேர்ந்து பத்தாகியிருக்கிறது. ஹிக்மன்ஸ் இருந்த இடத்தில்தான் இன்று கிளினிக்கல் சயின்டிஸ்டுகள் இருக்கிறோம்.

மருதநிலம் எழுதிய மறுமொழி:

வடபுலத்தான் அண்ணன் வேலையின் தன்மையை விளக்கிவிட்டதால் நான் வழிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மதுரையில் முதுகலை முடித்து இங்கு வந்து, மரபணுவியல் ஆய்வகத்தில் ஜெனடிக் டெக்னாலஜிஸ்டாகச் சேர்ந்து, பிறகு கிளினிக்கல் சயின்டிஸ்டாகப் பதிவு பெற்றவன் நான்.

நேரான வழி எஸ்.டி.பி. என்று அழைக்கப்படும் மூன்றாண்டுப் பயிற்சி. அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தரும் ஊதியத்தோடு, ஆறாம் ஊதியப்படியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர முதுகலையும் முடிக்க வேண்டும். முடித்து எச்.சி.பி.சி.யில் பதிவு செய்தவுடன் ஏழாம் படி வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் ஆண்டுக்கு ஒரு முறை, வழக்கமாகப் புத்தாண்டை ஒட்டித் திறக்கும். போட்டி மிகக் கடுமையானது. நான் இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் தோற்றவன். முதல் முறை என் படிப்பையும் மதிப்பெண்களையும் பக்கம் நிறைய எழுதினேன். நோயாளியின் வாழ்க்கையில் அந்த ஆய்வகம் எங்கே நிற்கிறது என்று நேர்முகத்தில் கேட்டபோது எனக்கு ஒரு வரிகூடச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் அண்ணன் மகனைப் பற்றி நீங்கள் இங்கே எழுதிய பத்தி அந்தக் கேள்விக்கான விடையின் தொடக்கம். அதை விண்ணப்பத்தில் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, சமநிலை வழி. ஆய்வகத்தில் ஏதேனும் ஒரு பணியில் இருந்துகொண்டே, எஸ்.டி.பி. முடித்தவருக்கு இருக்க வேண்டிய திறன் ஒவ்வொன்றும் தமக்கு இருக்கிறது என்பதைச் சான்றுகளோடு தொகுத்து, மதிப்பீட்டாளர்கள் முன் நிலைநாட்டுவது. நான் சென்றது இவ்வழியே. தொகுத்து முடிக்கவே எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. நாளும் செய்த வேலையை அன்றன்றே எழுதி, மேலாளரின் கையொப்பத்தோடு வைத்துக்கொள்ளாதவர்கள் இடையில் கைவிட்டுவிடுகிறார்கள்.

சென்னை அனுபவத்தைப் பற்றி மனம் நோகாமல் ஏற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. வெளிநாட்டில் தகுதி பெற்றவர்கள் எச்.சி.பி.சி.யில் நேரடியாக விண்ணப்பிக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இந்தியாவில் இதற்கு நேரான, சட்டப் பதிவுள்ள தொழில் இல்லாததால், ஆய்வக அறிக்கையில் நாம் கையெழுத்திட்டோம் என்பது மட்டும் போதுவதில்லை. உங்கள் பட்டத்தை, வெளிநாட்டுப் படிப்புகளை மதிப்பிடும் ஈ.என்.ஐ.சி. வழியாக ஒப்பீடு செய்து சான்று வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் டெக்னாலஜிஸ்ட் அல்லது உதவியாளர் பணியில் உள்ளே நுழைந்துவிடுங்கள். முதுகலை முடித்தவர் உதவியாளராகச் சேர்வதா என்று ஊரில் கேட்பார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். உள்ளே இருந்து பார்த்த ஓராண்டு, வெளியிலிருந்து எழுதிய இரண்டு விண்ணப்பங்களைவிட எனக்கு மிகுதியாகக் கற்றுக்கொடுத்தது.

அண்ணனோடு ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். மரபணுச் சோதனை இரண்டாம் கட்டத்திலேயே நின்றுவிடும் என்று நான் கருதவில்லை. 2024இல் தொடங்கிய ஜெனரேஷன் ஆய்வு, ஒரு லட்சம் பச்சிளங்குழந்தைகளின் முழு மரபணுத்தொகுதியையும், பெரும்பாலும் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து எடுத்து வாசித்து, 200க்கும் மேற்பட்ட நோய்களைத் தேடுகிறது. அந்த முடிவுகளை வாசிக்க மரபணுவியலில் பயின்ற கிளினிக்கல் சயின்டிஸ்டுகள் தேவைப்படுவார்கள். குரோமோசோம் பிரிவில் இருந்து வரும் ஒருவர் உயிர்வேதியியலுக்குத் தாவ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நீலமலைவாசி எழுதிய மறுமொழி:

சகோதரிக்கு வணக்கம். நான் தமிழ்நாட்டிலேயே, ஹீமோகுளோபின் நோய்களுக்கான பரிசோதனையில் பதினொரு ஆண்டுகளாக இருப்பவள். இந்தத் தொழில் வெளிநாட்டில் மட்டும்தான் இருக்கிறது என்ற எண்ணம் இங்கே வாசிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இந்தியாவில் சிக்கிள் செல் மரபு இருப்பது முதன்முதலில் அறியப்பட்டதே நம் நீலகிரியில்தான். 1952இல் ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் இம்மலையின் பழங்குடி மக்களிடம் அதைக் கண்டு வெளியிட்டார்கள். எழுபது ஆண்டுகள் கழித்து, 2023 ஜூலையில், நாற்பது வயது வரையிலான ஏழு கோடிப் பேரைச் சோதிக்கும் இலக்கோடு நடுவண் அரசின் சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அந்த எழுபது ஆண்டுகளில் பெயர் தெரியாத நோயால் இறந்த பிள்ளைகளை எண்ணினால் மனம் கனக்கிறது.

களத்தில் முதலில் செய்வது கரைதிறன் சோதனை. சிறு குழாயில் இரத்தத்தைக் கரைசலோடு கலந்து, பின்னால் கறுப்புக் கோடிட்ட அட்டையைப் பிடிக்க வேண்டும். கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் கவலை இல்லை. கலங்கலில் கோடுகள் மறைந்துவிட்டால் சிக்கிள் ஹீமோகுளோபின் இருக்கிறது. ஆனால் அந்தக் கலங்கல், அவர் நோயாளியா, மரபைச் சுமப்பவர் மட்டும்தானா என்பதைச் சொல்லாது, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக்காட்டும் எலக்ட்ரோஃபோரசிஸோ எச்.பி.எல்.சி.யோ செய்துதான் அதை அறிய வேண்டும். பிறந்த சில நாட்களே ஆன குழந்தையிடம் கருப்பருவ ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால் கரைதிறன் சோதனையை நம்பவே முடியாது. ஹீமோகுளோபின் குறைவாக உருவாகும் தலசீமியாவின் மரபுக்கு ஏ2 வகை ஹீமோகுளோபின் 3.5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கிறோம். இரும்புச்சத்துக் குறைவு அந்த அளவைத் தாழ்த்திக் காட்டக்கூடும். நம் பெண்களில் இரும்புச்சத்துக் குறைவு எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதை நினைத்தால், 3.3 என்று வரும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு நாங்கள் ஏன் அரைமணி நேரம் யோசிக்கிறோம் என்பது புரியும். எண்ணை எந்திரம் தரும், அதன் பொருளை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று வடபுலத்தான் ஐயா சொன்னதை இங்கும் நாள்தோறும் காண்கிறேன்.

சகோதரியின் அண்ணன் மகனுக்கு நேர்ந்தது தனிப்பட்ட துரதிர்ஷ்டம் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் ஐந்து நகரங்களில், சென்னையையும் சேர்த்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்ததில், ஏறத்தாழ 1,100 பேருக்கு ஒருவருக்குப் பிறவித் தைராய்டு குறைபாடு இருந்தது. இது ஐரோப்பிய நாடுகளில் காணப்படுவதைவிட மிகுதி. அப்படியிருந்தும் எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கும் நாடு தழுவிய திட்டம் நம்மிடம் இல்லை. கோவா 2008இலேயே தொடங்கிப் பார்த்தது. கேரளம் அரசு மருத்துவமனைகளில் செய்கிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் பணம் கட்டக்கூடிய பெற்றோரின் குழந்தைக்குத்தான் அது கிட்டுகிறது. எனக்கு இங்கே சட்டப் பாதுகாப்புள்ள பதவிப்பெயர் இல்லை. ஊதியமும் அங்குள்ளதோடு ஒப்பிடத்தக்கதன்று. நீங்கள் அங்கே கற்றுத் தேறுங்கள், மகிழ்ச்சி. என்றாவது திரும்பிவர எண்ணினால் இங்கே வேலை மலையளவு காத்திருக்கிறது.

கார்த்திகைப்பூ எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீலமலைவாசி அக்கா தந்த எண்ணை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். தாங்கள் ஏதோ கவனிக்கத் தவறியதால்தான் இப்படி ஆயிற்று என்று அண்ணி இத்தனை ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அது அவருக்குச் சிறிது ஆறுதல் தந்தது.

ஆய்வக உதவியாளர் பணி ஒன்றுக்கு இன்று விண்ணப்பித்துவிட்டேன். அடுத்த சுற்றில் எஸ்.டி.பி.க்கும் எழுதுவேன். இன்னும் ஒரே கேள்வி, வடபுலத்தான் அண்ணனுக்கு: உயிர்வேதியியலா, மரபணுவியலா என்று முடிவெடுக்க எதைப் பார்க்க வேண்டும்?

வடபுலத்தான் எழுதிய மறுமொழி:

மருதநிலம் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மரபணு வாசிப்பு வளரும். என் தயக்கம் ஒன்றுதான். பொருள் உறுதியாகாத ஒரு மரபணு மாற்றத்தை, நலமாக இருக்கும் குழந்தையின் பெற்றோரிடம் என்னவென்று சொல்வது? அப்போதும் இரத்தத்தில் ஏதாவது தேங்கியிருக்கிறதா என்று உயிர்வேதியியலைத்தான் திரும்பக் கேட்போம். இரு பிரிவினரும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய காலம் வருகிறது என்பதே என் கணிப்பு.

உங்கள் கேள்விக்கு விடை, எந்தக் காத்திருப்பு உங்களுக்கு ஒத்துவரும் என்பதில் இருக்கிறது. மரபணுவியலில் ஒரு மாற்றத்தை நாட்கணக்கில் ஆராய்ந்து, சான்றுகளை எடைபோட்டு அறிக்கை எழுதுவீர்கள். பரிசோதனை ஆய்வகத்தில் காலையில் வந்த அட்டைக்குப் பிற்பகலில் விடை சொல்லியாக வேண்டும். மருத்துவமனைகள் அவ்வப்போது திறந்தநாள் நடத்துகின்றன. இரண்டு பிரிவுகளுக்கும் சென்று பாருங்கள்.

எங்களிடம் வந்தால், பிற்பகலில் தொலைபேசி மேசையருகே சற்று நில்லுங்கள். ஒரு முடிவு வரம்பைத் தாண்டியிருந்தால், அதே அட்டையிலிருந்து மீண்டும் துளைத்தெடுத்து ஓட்டிப் பார்த்து, பெயரையும் பிறந்த தேதியையும் அட்டையோடு இருவர் ஒப்பிட்ட பிறகே சிறப்பு மையத்தை அழைப்போம். குழந்தையின் என்.எச்.எஸ். எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்லி, மறுமுனையில் இருக்கும் செவிலியரைத் திருப்பிச் சொல்லக் கேட்டு, அவர் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்வோம். அந்த வீட்டில் யாருக்கும் அப்போது ஒன்றும் தெரியாது. அந்தச் செவிலியர் அன்று மாலைக்குள் அவர்கள் வாசலில் நிற்பார். அந்த அழைப்பைக் கேட்டுவிட்டுப் பிறகு எனக்கு எழுதுங்கள்.